அதுவும் நான் போட்டதுதான்

மார்ச் 4

தம்பிக்கு,

பதினான்கு மாதமாக உனக்கு எழுதவில்லை. இதையும் எழுதியிருக்கமாட்டேன். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமாகத்தான் இருப்பாய். வேலை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், மூன்று மாடி ஏறி இறங்கக் கால் இருக்கிறது.

இன்று காலை நீ வேலை பார்க்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு சிவப்புச் சீட்டு வந்தது. நான் தபாலில் அனுப்பிய ஓட்டு உறையின் மேல் இருக்கும் கையெழுத்தும், அவர்கள் பதிவில் இருக்கும் கையெழுத்தும் பொருந்தவில்லையாம். அடையாள அட்டை நகலோடு புதிதாகக் கையெழுத்துப் போட்ட படிவம் மார்ச் 14 மாலை ஐந்து மணிக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் ஓட்டு செல்லாது. அதோடு விட்டார்களா? ஆள் யார் என்பது உறுதிப்படாததால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்களாம். பத்தொன்பது வருடம் அந்த ஊரில் பஸ் ஓட்டியவள் நான். அந்த அலுவலகத்தில் பாதிப் பேரைக் காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டதே நான்தான். நான் யார் என்று தெரியவில்லையாம்!

சீட்டைப் படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடி நாலு வருடம் ஆகிறது, அது வேறு விஷயம்.

இந்த ஓட்டுக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இந்தப் பராமரிப்பு விடுதியில் எங்கள் வார்டில் முப்பது கட்டில். யாராலும் எழுந்துபோய் வரிசையில் நிற்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் ஓட்டுப் பெட்டியே தேடி வரவேண்டுமா, ஆமா இல்லையா என்று இந்த முறை ஓட்டுச்சீட்டில் ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்காகத்தான் ஒவ்வொரு கட்டிலாகச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் இருபத்தாறு பேரைத் தபால் ஓட்டுக்கு எழுதவைத்தேன். அதில் ஒன்பது பேருக்குச் சிவப்புச் சீட்டு. பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவுக்குக் கை நடுக்கம். அவர் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் படம். சரி, அதைத் தள்ளினார்கள் என்றால் ஒரு காரணமாவது இருக்கிறது. எனக்குக் கை நடுங்கவில்லையே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிப்போவில் என் பெயரை எடுத்தாகிவிட்டது. வீட்டுக் கதவில் உன் பெயர்ப்பலகை. நம் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயர் இன்னும் அச்சாகி வருவது அந்தப் பட்டியலில் மட்டும்தான். அதிலிருந்தும் எடுத்துவிட்டால் இந்த விடுதிதான் என் ஊர், இந்தக் கட்டில்தான் என் வீடு என்று ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

யார் தள்ளியது, ஏன் தள்ளியது என்று கேட்டு எழுது. போன் செய்யாதே. போன் நர்ஸ் மேசையில் இருக்கிறது. நான் உன்னைத் திட்டுவதை வார்டே உட்கார்ந்து கேட்கும்.

ஆறே மாதம் என்று சொல்லி நீ விட்டுவிட்டுப் போன,
அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. திட்டியிருந்தாலும் உன் எழுத்துதானே.

சிவப்புச் சீட்டைப் பற்றி நீ ரொம்பக் கலங்கவேண்டாம். இங்கே உறைகளைச் சரிபார்க்க நாங்கள் ஆறு பேர் தற்காலிகமாக இருக்கிறோம். எல்லா உறையும் எல்லார் கையிலும் வராது. எந்த உறை யாரிடம் போனது என்று கேட்பதும் சரியாக இருக்காது. மேற்பார்வையாளர் கொஞ்சம் கண்டிப்பானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அதனால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

எனக்குத் தோன்றுவது, இந்த முறை இதை விட்டுவிடலாமே. பெயர் போனால் போகட்டும், நான் பிறகு புதிதாகச் சேர்த்துவிடுகிறேன். பதிவில் இருப்பது பதினைந்து வருடத்துக்கு முந்திய கையெழுத்து. வால் நீளமாக, கீழே இரண்டு புள்ளியோடு இருக்கிறது. அவ்வளவு பழையதோடு இப்போது போடுவது எப்படிப் பொருந்தும், நீயே சொல்.

தயவுசெய்து அலுவலகத்துக்கு யாரையும் போன் பண்ணச் சொல்லாதே. மாதக் கடைசியில் உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வேன். அதுவரை பொறுத்துக்கொள். முதுகுப் புண் ஆறிவிட்டதா?

உன்,
தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

எல்லா உறையும் எல்லார் கையிலும் வராது என்று எழுதியவன், வால் எவ்வளவு நீளம், புள்ளி எத்தனை என்று எங்கே பார்த்தாய்? சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மென்று விழுங்கத்தான் தெரியும்.

நான் என் வாழ்நாளில் கையெழுத்துக்குக் கீழே புள்ளி வைத்ததில்லை. டிப்போ ரெஜிஸ்டரில் ஒரு கோடு, ஒரு கொக்கி. வண்டி கிளம்பும் நேரத்தில் அதற்கு மேல் யார் போடுவார்கள்? வாலும் இரண்டு புள்ளியும் வைத்து என் பெயரைப் போட்ட ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

மறந்திருக்கமாட்டாய். ஒன்பதாம் வகுப்பில் உன் கணக்கு வாத்தியார் என்னை வரச்சொன்னார். யூனிபார்மோடு போனேன். எதிரிலேயே ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். உன் மதிப்பெண் அட்டையைப் பக்கத்தில் வைத்தார். "இது உங்க கையெழுத்து இல்லையேம்மா, யார் போட்டது?" என்றார். நீ கரும்பலகைக்குப் பக்கத்தில் முகம் வெளுத்துப்போய் நின்றாய். "அதுவும் நான் போட்டதுதான் சார். அன்னிக்குப் பேனா சரியில்ல" என்றேன். "எட்டு மாசமாவா பேனா சரியில்ல?" என்றார். "அப்பா அம்மா இல்லாத குடும்பம் சார், ஒரே பேனா" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார், அதனால் நீ தப்பித்தாய்.

வீட்டுக்கு வந்து உன்னை அடித்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? "இனிமே வீட்டுக்கு வர்ற பேப்பர் எல்லாத்துக்கும் நீயே போட்டுடுடா, என்னோடதைவிட உன்னோடதுதான் பார்க்க மரியாதையா இருக்கு" என்றேன். வாக்காளர் பட்டியல் எடுப்பவர் வந்தபோது நான் முதல் ட்ரிப்பில் இருந்திருப்பேன், நீ போட்டிருப்பாய். தப்பில் பாதி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பட்டியலில் இருந்து போகமாட்டேன். பிறகு சேர்த்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆறு மாதம் என்று சொன்ன அதே வாயா? எனக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று. "என்" கையெழுத்தை ஒரு தாளில் பெரிதாகப் போட்டு உடனே அனுப்பு. பார்த்துப் பழகிக்கொள்கிறேன். தபாலுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிறது. 11ஆம் தேதிக்குள் வரவில்லை என்றால் நானாக ஏதாவது செய்வேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நீ கேட்டதை நான் அனுப்பப்போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கடைசிவரை படி.

உன் உறையைச் சிவப்புத் தட்டில் போட்டது நான்தான்.

எங்கள் வேலை இப்படி. இடது பக்கம் உறை, வலது பக்கம் திரையில் பதிவுக் கையெழுத்து. ஒரு உறைக்கு இருபது நொடி. பொருந்தினால் பச்சைத் தட்டு, பொருந்தாவிட்டால் சிவப்புத் தட்டு. பச்சையில் பத்துக்கு ஒன்றைக் கண்ணாடி எடுத்துத் திரும்பப் பார்ப்பார். சிவப்பை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஏற்றுக்கொண்டதில்தான் தப்பு இருக்கும், தள்ளியதில் இருக்காது என்பது இங்கே எண்ணம்.

சொந்தக்காரர் உறை வந்தால் கையைத் தூக்கிச் சொல்லவேண்டும், வேறு ஆள் பார்ப்பார். உன் பெயரைப் பார்த்ததும் கையைத் தூக்கத்தான் போனேன். அதற்குள் திரையில் அந்தக் கையெழுத்து வந்துவிட்டது. என் வால், என் புள்ளிகள். பக்கத்து மேசைக்காரனுக்கு என் கையெழுத்து பழக்கம், அவன் பார்த்தால் தெரிந்துவிடும். பச்சையில் போட்டால் கண்ணாடி கையில் அகப்படலாம். சிவப்பில் போட்டுவிட்டு அடுத்த உறையை எடுத்தேன். இருபது நொடிகூட ஆகவில்லை.

நல்ல செய்தி என்று எழுதினேனே, அதையும் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் ஆறு பேரில் இரண்டு பேரை நிரந்தரமாக்குகிறார்கள், அதில் நான் ஒருவன். நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் வீடு. தரைத்தளம் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறேன். கதவை அளந்துகூடப் பார்த்துவிட்டேன், உன் நாற்காலி உள்ளே போகும். நான் ஏன் உன்னைப் பார்க்க வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். வந்தால் "எப்போடா வீடு?" என்று கேட்பாய். வெறுங்கையோடு வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு வருவதற்கான வேலையைக் காப்பாற்றத்தான் உன் பெயரை வெட்டினேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

டீச்சரம்மாவை எழுதியிருந்தாயே. நடுங்கின கையெழுத்து என்றால் நான் யோசிப்பதே இல்லை, சிவப்பு. அவரையும் நான்தான் தள்ளியிருப்பேன்.

நாளைக் காலை கண்ணாடியிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பதிவில் இருப்பது நான் போட்டது என்று எழுதிக்கொடுப்பேன். வேலை போகும், வீடும் போகும். போகட்டும். நீ தயவுசெய்து எதையும் அனுப்பாதே. அப்படி அனுப்பினால் உன் சொந்தக் கோட்டையும் கொக்கியையும் போட்டு அனுப்பு.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் தாள் இன்றுகூட வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் நீ. இனி உன் உதவி தேவையில்லை.

என் டிரைவிங் லைசென்ஸ் உறைக்குள் எதையோ தேடினால் உன் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டை நாலாக மடித்துக் கிடக்கிறது. எட்டு மாதம், எட்டுக் கையெழுத்து. அன்றைக்கு வாத்தியாரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்ததை ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே.

நேற்று முழுக்க மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம் போட்டுப் பழகினேன். டீச்சரம்மா பார்த்துப் பார்த்து மார்க் போட்டார். முதலில் பத்துக்கு மூன்று, வால் சரியில்லை என்றார். நாற்பதாவது முறை ஒன்பது. பெரிய சிஸ்டர் என்ன இது என்று கேட்டார், கைக்குப் பயிற்சி என்றேன். பாராட்டிவிட்டுப் போனார்.

படிவத்தில் போட்டு, அடையாள அட்டை நகலைச் சேர்த்து, இன்று காலைத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. நாளை மறுநாள் அங்கே இருக்கும். யாராவது கேட்டால் நீ எதுவும் பேசாதே. உன் வேலைக்கு ஒன்றும் வராது. என் கையெழுத்தை நானே திருடவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உன்மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொன்றாம் தேதி காலை கண்ணாடியிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. உட்காரச் சொல்லி எழுதி வாங்கினார். பதிவில் இருந்த என் கையெழுத்தை ரத்து செய்து, டிப்போவிலிருந்து உன் பழைய ரெஜிஸ்டரை வரவழைத்தார். கோடும் கொக்கியும். உன் உறையில் இருந்ததோடு அச்சாகப் பொருந்தியது. அவரே எடுத்துப் பச்சைத் தட்டில் வைத்தார். நேற்றுக் காலைவரை உன் ஓட்டு பச்சைத் தட்டில் இருந்தது அக்கா.

நேற்று மதியம் உன் படிவம் வந்தது. வாலோடும் புள்ளியோடும், தத்ரூபமாக. நான் ரத்து செய்யச் சொன்ன அதே கையெழுத்து.

கண்ணாடி உன் உறை, இந்தப் படிவம் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இதை அவங்களே போட்டிருந்தா பொய்க் கையெழுத்துன்னு அவங்க மேல கேஸ். விசாரணை முடியற வரைக்கும் ஓட்டை எடுத்து வைப்போம். வேற யாராவது போட்டிருந்தா ஓட்டு மொத்தமா செல்லாது, பேரும் போயிடும். எது?" என்றார். எனக்கு அந்தக் கணக்கு வாத்தியார் அறைதான் நினைவுக்கு வந்தது. நீ கேஸில் மாட்டிக்கொண்டு, யாராவது உன்னை அந்த நாற்காலியோடு கோர்ட்டில் ஒவ்வொரு படியாகத் தூக்கி...

"அதுவும் நான் போட்டதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் இன்று வந்தது. வேலை நேற்றே போய்விட்டது. நானாக வந்து சொன்னதால் என்மேல் கேஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். உன் பெயரை நீக்கிய உத்தரவு உனக்கு வரும்.

தம்பி


மார்ச் 17

உத்தரவும் உன் கடிதமும் ஒரே தபாலில் வந்தன.

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேஸ் போடட்டும் என்றிருப்பேன். விசாரணைக்காவது என்னை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நம் தெருவழியாகத்தான் போயிருக்கவேண்டும். ஆமாம் ஐயா, நான்தான் போட்டேன், ஏன் போட்டேன் தெரியுமா என்று என் வாயால் சொல்லியிருப்பேன். சொல்வதற்கு எனக்கு எவ்வளவு இருந்தது! நாலு வருடத்தில் என்னை ஒருவர் கேள்வி கேட்டு நான் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வந்தது. அதற்கும் நீயே பதில் சொல்லிவிட்டாய். என் கையெழுத்தைப் போட்டாய், என் ஓட்டைத் தள்ளினாய், என் குற்றத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய். எனக்கென்று என்னதான் மிச்சம் வைத்திருக்கிறாய்?

அவசரப்பட்டவள் நான் என்பதும் தெரியும். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் உன் கடிதம் கைக்கு வந்திருக்கும். அதை நினைத்தால் இந்தக் கட்டிலில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மோதிக்கொள்ளக்கூட இரண்டு பேர் பிடித்துத் திருப்பவேண்டும்.

இனி எழுதாதே.


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முன்னது இரண்டையும் நீ பிரித்தாயா என்று தெரியவில்லை.

உன் கேள்வி ஜெயித்துவிட்டது, உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். பெட்டி இனி கட்டிலுக்கே வரும். முடிவு வந்த அன்று நான் தேர்தல் அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டோம். கிடங்குக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல் இடமும். சுவரில் ஈரம், ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை. குடியிருப்பு வீடு மாதிரி இல்லை, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாசலில் ஒரே ஒரு படிதான். அதன்மேல் பலகை போட்டுச் சாய்த்திருக்கிறேன். பெட்டி ஏற்றும் வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், ஏறுகிறது.

டீச்சரம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

மூன்றையும் பிரித்தேன். மூன்றாவதை இரண்டு முறை படித்தேன்.

நேற்றுத் தேர்தல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வார்டுக்கு வந்தார்கள். அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒத்திகையாம். தகரப் பெட்டி ஒன்றைச் சக்கரம் வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போனார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இனிக் கையெழுத்தைப் பொருத்திப் பார்ப்பது கிடையாது. ஆளையும் அட்டையையும் பார்த்தால் போதும். டீச்சரம்மா நடுங்கிக்கொண்டே வெற்றுச்சீட்டைப் போட்டார், சீட்டு இரண்டு முறை கீழே விழுந்தது. அந்தப் பெண் பொறுமையாக எடுத்துக் கொடுத்தாள். உன் மன்னிப்பைச் சொன்னேன். "எத்தனை மார்க் போடலாம்?" என்று கேட்டார். நீயே அவரிடம் கேட்டுக்கொள்.

என் கட்டிலைத் தாண்டித்தான் பெட்டி போனது, பட்டியலில் இல்லாதவளிடம் நிற்காது. நான் உருட்டி உருட்டிக் கொண்டுவந்த பெட்டி. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எல்லாரும் தூங்குகிறேன் என்று நினைத்தார்கள்.

நீக்கப்பட்டவர்கள் புதிதாகச் சேர ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு இடம், கோடும் கொக்கியும் போட்டுவிட்டேன். சாட்சிக்கு ஒரு இடம். சாட்சி நேரில் வந்து, அதிகாரி முன்னால் போடவேண்டும். பெரிய சிஸ்டர் "நான் போடறேன், இதுல என்ன இருக்கு?" என்றார். வேண்டாம், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை அவர்கள் திரும்ப வருகிறார்கள். நீயும் வா. இந்த முறை உன் பெயரையே போடு.

முகவரி என்ற இடத்தை மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறேன். நீ வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.

அக்கா